கூட்டல் மட்டும் தெரிந்த கணக்கு

2025-இல் இந்திய அரசு நான்கு மாத இடைவெளியில் இரண்டு வெற்றிகளைக் கொண்டாடியது. மார்ச்சில், நாட்டின் நிலக்கரி உற்பத்தி ஒரே நிதியாண்டில் 100 கோடி டன்னைத் தாண்டிவிட்டது என்று அறிவிப்பு வந்தது. பிரதமர் அதைப் பெருமைக்குரிய தருணம் என்றார். ஜூலையில் இன்னொரு அறிவிப்பு: நாட்டின் மொத்த மின் நிறுவுதிறனில் பாதி இப்போது நிலக்கரி, எரிவாயு, டீசல் அல்லாத மூலங்களைச் சேர்ந்தது; 2030-க்குள் எட்டவேண்டிய இலக்கை ஐந்து ஆண்டு முன்னாலேயே எட்டிவிட்டோம். அதற்கும் அதே கைதட்டல். முதல் செய்தியை ஃபார்வர்டு செய்த அதே கைகள்தான் இரண்டாவதையும் செய்தன. யாருக்கும் தொண்டையில் எதுவும் சிக்கவில்லை.

ஒருத்தர் மார்ச் மாசம் பார்ட்டி வைக்கிறார். "இந்த வருஷம் நான் குடிச்ச அளவு பிராந்தி என் வாழ்க்கையிலேயே குடிச்சதில்லை!" ஜூலையில் மறுபடி கூப்பிடுகிறார். "என் அலமாரியில் பாதி இடம் இப்போ பழச்சாறுக்கு ஒதுக்கியாச்சு, டாக்டர் சொன்ன தேதிக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே." இரண்டுமே உண்மை. இரண்டாவது பார்ட்டிக்குப் போய் அவருடைய கல்லீரலுக்கு வாழ்த்துச் சொல்பவரை நீங்கள் என்னவென்று நினைப்பீர்கள்?

நிறுவுதிறன் என்பது அலமாரி. மின்னுற்பத்தி என்பது குடித்தது. 1,000 மெகாவாட் சூரிய ஆலை, இரவு, மேகம், காலை, மாலை எல்லாவற்றையும் கழித்துவிட்டால் ஆண்டுச் சராசரியாக ஏறத்தாழ 200 மெகாவாட்தான் தரும். அது சூரியனின் குற்றமில்லை, பூமி சுற்றுகிறது, அவ்வளவுதான். அதே 1,000 மெகாவாட் அனல் ஆலை 600, 700 என்று தரும். அதனால்தான் அலமாரியில் பாதி மாறிய பிறகும் இந்த நாட்டின் மின்சாரத்தில் 70 சதவீதத்துக்கு மேல் நிலக்கரியிலிருந்து வருகிறது.

இதெல்லாம் அரசுக்குத் தெரியாததில்லை. நன்றாகத் தெரிந்துதான் இலக்கே எழுதப்பட்டது. 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டு மேடையில் பிரதமர் சொன்னது, 2030-க்குள் இந்தியா தன் ஆற்றல் தேவையில் 50 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து நிறைவு செய்யும் என்பது. 2022 ஆகஸ்டில் அதை ஐநாவுக்கு எழுத்தில் கொடுக்கும்போது வாசகம் மாறியது: மின் நிறுவுதிறனில் 50 சதவீதம். மேடையில் கல்லீரல், காகிதத்தில் அலமாரி. இடையில் ஒன்பது மாதம். இந்த இரண்டு வாசகங்களுக்கும் நடுவே இருக்கும் தூரத்தை அளந்தால் கோடிக்கணக்கான டன் நிலக்கரி வரும். ஆனால் செய்தியாகப் போனது "50 சதவீதம்" என்ற எண் மட்டும்தான்.

சரி, டில்லியைத் திட்டுவது சுலபம். நம் ஊருக்கு வருவோம்.

காற்றாலையில் தமிழ்நாடு பழம்பெருச்சாளி. 1986-லேயே தூத்துக்குடி முள்ளக்காட்டில் காற்றாலைகளை நட்டுப் பார்த்தவர்கள் நாம். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டும்போது முப்பந்தலில் அந்த வெள்ளைக் காடு சுற்றுவதைப் பஸ் ஜன்னலிலிருந்து பார்க்காத தென்தமிழ்நாட்டுக்காரர் குறைவு. 2016-இல் கமுதியில் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய ஆலை வந்தபோது, ஒரே இடத்தில் அமைந்த ஆலைகளில் உலகத்திலேயே பெரியது என்றார்கள். இன்று மாநிலத்தின் காற்று, சூரியத் திறன் இரண்டையும் கூட்டினால் 20,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. 2024 மே 2-ஆம் தேதி, வெயில் மண்டையைப் பிளந்த அந்த நாளில், தமிழ்நாடு தொட்ட உச்சத் தேவை 20,830 மெகாவாட். அதாவது காகிதத்தில் நாம் ஏறக்குறைய முழுப் பசுமை மாநிலம்.

அப்படியானால் எண்ணூரில் எரிவது என்ன?

என் தொழிலில் மைக்ரேஷன் என்று ஒன்று உண்டு. பழைய சிஸ்டத்திலிருந்து புதியதுக்கு மாறுவது. புது சர்வர்களை ஏற்றி, டேஷ்போர்டில் பச்சை விளக்கு வந்ததும் மேனேஜர்கள் கேக் வெட்டுவார்கள். பழைய சர்வர் அந்தப் பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும், அதற்கும் வாடகை போய்க்கொண்டே இருக்கும். அனுபவமுள்ள ஆள் ஒருத்தர் மட்டும் மூலையிலிருந்து கேட்பார்: "பழசை எப்போ அணைக்கப் போறீங்க?" பழையதை அணைக்கும் நாள்தான் மைக்ரேஷன் முடிந்த நாள். தேதி இல்லை என்றால், நீங்கள் மாறவில்லை, இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டீர்கள், அவ்வளவுதான்.

நம் அரசுகளுக்குக் கூட்டல் மட்டும்தான் தெரிகிறது. திமுக, அதிமுக, பாஜக என்று இதில் வேறுபாடு கிடையாது. 2022-இல் மாநில அரசு காலநிலை மாற்ற இயக்கத்தைத் தொடங்கியது. 2024-இல் மின்வாரியத்தைப் பிரித்துப் பசுமை எரிசக்திக்கென்றே தனிக் கழகம் உருவாக்கினார்கள். நல்லது. அதே 2024 மார்ச்சில் வடசென்னை அனல்மின் நிலையத்தின் மூன்றாம் நிலை, 800 மெகாவாட், திறந்து வைக்கப்பட்டது. எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் 2 முறை 660, உடன்குடியில் 2 முறை 660 என்று வேலை நடந்தது. எண்ணூரின் பழைய 450 மெகாவாட் ஆலை 2017-இல் மூடப்பட்டது, நாம் செய்த ஒரே உருப்படியான கழித்தல் அதுதான் என்று சொல்ல வாயெடுத்தால், அதே வளாகத்தில் 660 மெகாவாட்டுக்குப் புது அலகு கட்ட 2024 டிசம்பரில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தினார்கள். கழித்த இடத்தில்கூடக் கூட்டல்.

"அதெல்லாம் போன ஆட்சியில ஆரம்பிச்சது" என்பார்கள். ஒவ்வொரு ஆட்சியும் இதைச் சொல்லும் உரிமையை அடுத்த ஆட்சிக்குக் கொடுத்துவிட்டுத்தான் போகிறது. இன்று ஓடத் தொடங்கும் அனல் அலகு குறைந்தது 25, 30 ஆண்டுகள் ஓடும், அதற்கேற்பத்தான் கடன் வாங்கியிருப்பார்கள். 2050-களில் யார் முதல்வராக இருந்தாலும் அவரும் "போன ஆட்சி" என்று சொல்லலாம்.

இந்தக் கூட்டலின் மிகச் சுத்தமான உதாரணம் நெய்வேலி. என்எல்சி நிறுவனம் தமிழ்நாட்டில் 1,000 மெகாவாட்டுக்கு மேல் சூரிய ஆலை வைத்திருக்கிறது. மத்தியப் பொதுத்துறையில் அந்த அளவைத் தொட்ட முதல் நிறுவனம் அதுதான். அதே நிறுவனம்தான் 2023 ஜூலையில் கடலூர் மாவட்டம் வளையமாதேவியில், சுரங்க விரிவாக்கத்துக்குக் கால்வாய் வெட்ட, நெற்பயிர் நின்ற வயலுக்குள் பொக்லைன் இயந்திரங்களை இறக்கியது. அறுவடைக்குக் கொஞ்ச நாள் பொறுக்க முடியவில்லை. இழப்பீடு முன்பே கொடுத்தாயிற்று, சட்டப்படி நிலம் எங்களுடையது என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. நான் கேட்பது வேறு. அந்த 1,000 மெகாவாட் சூரிய ஒளி எதைக் குறைத்தது? ஒரு டன் பழுப்பு நிலக்கரியையாவது மண்ணுக்குள்ளேயே விட்டு வைத்ததா? சூரிய ஆலை இருக்கிறது என்பதற்காக ஒரு வயலாவது தப்பித்ததா?

கழித்தல் இல்லாத பசுமைக் கொள்கையில் இரண்டு ஊர்களும் விலை கொடுக்கின்றன. தெற்கே நிலம் போகிறது, வடக்கே நுரையீரல் போகிறது. கமுதிக்காரரிடம் "உங்க பூமியைக் கொடுங்க, நிலக்கரி குறையும்" என்று சொல்லித்தான் நிலத்தைக் கேட்கிறோம். நிலக்கரி குறையவில்லை என்றால் அந்த வாக்கு பொய்யாகிவிட்டது. அப்புறம் அது வெறும் ரியல் எஸ்டேட்.

எண்ணூரைப் பற்றிப் பேசும்போது எனக்கு ஒரு எரிச்சல் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். டி. எம். கிருஷ்ணாவின் புறம்போக்குப் பாடல் வந்த 2017-இல் நம்மில் பலருக்கு எண்ணூர்க் கழிமுகம் ஒரு காணொளியாக அறிமுகமானது. பாட்டு நல்ல காரியம் செய்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் எண்ணூர் நமக்கு ஒரு சோகப் பின்னணியாக உறைந்துவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு எண்ணெய்க் கசிவு, அதே மாதம் அம்மோனியா கசிவு. ஒவ்வொரு முறையும் நாம் "ஐயோ எண்ணூர்" என்று எழுதிவிட்டு நகர்கிறோம். எண்ணூர் என்பது விபத்துகளின் ஊர் அல்ல. விபத்து எதுவும் நடக்காத ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை அங்கே எப்படி இருக்கும் என்பதுதான் விஷயம்.

660 மெகாவாட் அலகு ஒன்று முழு வேகத்தில் ஓடினால் ஒரு நாளைக்கு 1 கோடியே 58 லட்சம் யூனிட். யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட 650 கிராம் நிலக்கரி என்று போட்டால் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் டன். உள்நாட்டு நிலக்கரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சாம்பல். அந்தச் சாம்பலை நீரில் கரைத்துக் குழாய் வழியே குட்டைக்கு அனுப்புகிறார்கள். குழாய் கசியும். கசிந்தது கொசஸ்தலை ஆற்றில் படியும். ஆறு மேடாகும். முட்டியளவு தண்ணீரில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களின் விரலுக்கு இறாலுக்குப் பதில் சாம்பல் சேறு அகப்படும். செப்பாக்கம் என்ற ஊர் சாம்பல் குட்டையின் ஓரத்திலேயே இருக்கிறது. இது ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2022-இல் இந்தச் சாம்பல் மாசுக்கு மின்வாரியத்தின் பொறுப்பைச் சுட்டித் தீர்ப்புக் கொடுத்தது. அதற்குப் பிறகுதான் 800 மெகாவாட் திறப்பு விழா.

ஒரு பக்கம், "மீண்டும் மஞ்சப்பை" என்று நமக்குத் துணிப்பை கொடுக்கிறார்கள். நானும் மஞ்சப்பைதான் எடுத்துப் போகிறேன். ஆனால் பத்தாயிரம் டன்னுக்குப் பக்கத்தில் என் பையை வைத்துப் பார்க்கும்போது சிரிப்பு வருகிறது.

இப்போது கந்தகம். அனல் ஆலைகளின் புகையில் சல்ஃபர் டை ஆக்சைடைக் கட்டுப்படுத்த மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2015 டிசம்பரில் விதி போட்டது. இரண்டு ஆண்டுகளில் நிறைவேற்ற வேண்டும். இரண்டு ஆண்டு ஐந்தாகி, ஏழாகி, பலமுறை வாய்தா வாங்கி, கடைசியில் 2025 ஜூலையில் பெரும்பாலான ஆலைகளுக்கு அந்த விதியே வேண்டாம் என்று தள்ளுபடி செய்தார்கள். ஆமாம், அதே ஜூலை. "பாதி பசுமை" என்று கேக் வெட்டிய அதே மாதம். இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பது அவர்கள் சொல்லும் காரணம். சதவீதத்தில் குறைவு என்பது உண்மைதான். ஆனால் 100 கோடி டன்னில் குறைந்த சதவீதம் எவ்வளவு என்று பெருக்கிப் பார்க்க வேண்டாமா? தவிர, புகைபோக்கியை விட்டு வெளியேறும் அந்த வாயு அப்படியே இருப்பதில்லை. காற்றில் வினைபுரிந்து சல்ஃபேட் நுண்துகளாகிறது, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகிறது. வாயுவாக அளந்தால் குறைவு, துகளாக அளந்தால் அது வேறு கணக்கில் போய்விடும். அளக்கும் இடத்தை மாற்றுவதில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள்.

இங்கே ஒருவர் கையைத் தூக்குவார், அவருடைய கேள்வி நியாயமானது. "அமெரிக்காக்காரன் தலைக்கு 14 டன் கரியமில வாயு விடுறான், நாம 2 டன். இருநூறு வருஷம் எரிச்சுப் பணக்காரன் ஆனவன் நம்மைப் பார்த்து அடுப்பை அணைன்னு சொல்றதா?" இதில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்கமாட்டேன். கிளாஸ்கோவில் நிலக்கரியை "ஒழிப்பது" என்ற சொல்லைக் கடைசி நிமிடத்தில் "குறைப்பது" என்று மாற்ற வைத்தது இந்தியா என்று மேற்கத்தியப் பத்திரிகைகள் குதித்தபோது, எண்ணெயையும் எரிவாயுவையும் பற்றி அந்த வாக்கியம் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டவர்களில் நானும் ஒருத்தன்.

ஆனால் அந்த நியாயம் எந்த மேசையில் பேச வேண்டியது? அமெரிக்காவிடம் பேச வேண்டிய நியாயத்தை எண்ணூர்க்காரரிடம் பேசுகிறார்கள். காட்டுக்குப்பத்து மீனவருக்கும் அந்தத் தலைக்கு 14 டன்னுக்கும் என்ன சம்பந்தம்? அவருடைய பங்கு நாட்டின் சராசரியான 2 டன்னைக்கூடத் தொடாது. சென்னையின் ஏசிகளும் லிஃப்டுகளும் மால்களும் அவருடைய சராசரியில் ஒளிந்துகொண்டு, அவரையே முன்னால் நிறுத்தி "ஏழை நாடு" என்கின்றன. வரலாற்று அநீதி உண்மை. அதைச் சொல்லி உள்ளூர் அநீதிக்கு அனுமதி வாங்குவதுதான் மோசடி.

சராசரி என்றதும் என் துறை ஞாபகம் வருகிறது. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் வரவேற்பறைத் திரையில் பச்சை இலை ஒன்று சுழன்றுகொண்டே இருக்கும்: "நாங்கள் 100 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தில் இயங்குகிறோம்." அந்தக் கட்டடத்தில் ராத்திரி ஷிஃப்ட் உண்டு. ஏப்ரல் மாதம், இரவு ஒன்பது மணி, காற்றில்லை, சூரியன் இல்லை. அப்போது அந்த இலையைச் சுழற்றிய மின்சாரம் எங்கிருந்து வந்தது? கணக்கு இப்படி: ஜூலைக் காற்றில் ஒப்பந்தம் போட்டு வாங்கிய யூனிட்டுகளையும் ஆண்டு முழுக்கச் செலவழித்த யூனிட்டுகளையும் வருடக் கடைசியில் தட்டி நேர் செய்வார்கள். காகிதத்தில் நூறு. கம்பியில் நிலக்கரி. இதை ஏமாற்று என்று முழுதாகச் சொல்ல மாட்டேன், அந்த ஒப்பந்தங்களால் காற்றாலைகள் வந்தன. ஆனால் கூகுள் 2017-லேயே இந்த வருடாந்திர நேர்செய்தலில் நூறு சதவீதம் எட்டிவிட்டது. எட்டிய பிறகு, இது போதாது, ஒவ்வொரு மணி நேரமும் கார்பன் இல்லாத மின்சாரம் வேண்டும் என்று 2030-க்கு இலக்கு வைத்தது. சராசரி ரெஸ்பான்ஸ் டைமைக் காட்டி எந்த கிளையன்டையும் சமாளிக்க முடியாது, மோசமான ஒரு சதவீதத்தைத்தான் அவன் பார்ப்பான் என்று தெரிந்த தொழில் இது. மின்சாரத்தில் மட்டும் ஏன் சராசரி போதுமென்று இருக்கிறோம்?

ஏனென்றால் மணிக்கணக்கில் பார்க்கத் தொடங்கினால் அசல் பிரச்சினை வெளியே வந்துவிடும். மதியம் சூரியன் பொங்குகிறது. சாயங்காலம் ஆறரைக்குக் காணாமல் போகிறது. தேவை குறையாமல் நிற்கிறது. அனல் அலகை ஃபேன் மாதிரி சுவிட்ச் போட்டு நிறுத்தி மறுபடி போட முடியாது. கொதிகலன் ஆறினால் திரும்பச் சூடாக்கப் பல மணி நேரம். அதனால் சாயங்காலத் தேவைக்காக மதியமும் அதை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும், குறைந்தபட்சம் 55 சதவீதத்தில் என்பது விதி. அப்போது மதியச் சூரியனுக்கு இடமில்லை. காற்றுக் காலத்தில் காற்றாலையை நிறுத்தச் சொல்கிறார்கள் என்று உரிமையாளர்கள் புலம்புவது இன்று நேற்றல்ல. போதாக்குறைக்கு, தனியார் அனல் ஆலைகளோடு போட்ட ஒப்பந்தங்களில் மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலைக்கட்டணம் கட்டியாக வேண்டும். கட்டிய காசுக்கு எடுத்துத் தொலைப்போம் என்றுதான் எந்த நிர்வாகமும் நினைக்கும். ஆக, நீங்கள் சேர்க்கும் ஒவ்வோர் அனல் அலகும் வெறுமனே பக்கத்தில் நிற்பதில்லை. சூரியனின் கழுத்தைப் பிடிக்கிறது.

இதற்குத் தீர்வு வானத்திலிருந்து வர வேண்டியதில்லை, ஆனைமலையில் இருக்கிறது. காடம்பாறை. 1980-களில் கட்டிய நீரேற்று நிலையம், 400 மெகாவாட். மின்சாரம் மிஞ்சும்போது மேல் ஆழியாறிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றுவார்கள், தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுப்பார்கள். லித்தியம் பேட்டரி என்ற சொல்லே கடைக்கு வராத காலத்தில் தமிழ்நாட்டிடம் ஒரு ராட்சச பேட்டரி இருந்தது. அதற்கடுத்த நீரேற்றுத் திட்டம், நீலகிரியின் குந்தா, 500 மெகாவாட், எத்தனை ஆட்சிகளாக இழுக்கிறது என்று பாருங்கள். மலையைக் குடைவதற்கும் விலை உண்டு என்பது தெரியும், எல்லா மலையையும் குடையச் சொல்லவில்லை. பேட்டரி விலை 2010-இல் இருந்ததில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. 800 மெகாவாட் நிலக்கரிக்குக் கடன் கிடைக்கிற வாரியத்துக்கு மாலை நான்கு மணி நேரத்தைச் சேமித்து வைக்கக் கடன் கிடைக்காதா?

"கரண்ட் வேணுமா வேணாமா?" என்பது இந்த விவாதத்தில் கடைசியாக வீசப்படும் கல். வேணும். 2012-இல் தினமும் பல மணி நேரம் கரண்ட் போனபோது இன்ஜினியரிங் படித்த தலைமுறை நான், இருட்டை எனக்கு யாரும் விளக்க வேண்டாம். யாரும் நாளைக் காலையில் எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லவில்லை. தேதி கேட்கிறோம். 1882-இல் லண்டனில் உலகின் முதல் பொது நிலக்கரி மின்நிலையத்தைத் திறந்த பிரிட்டன், 2024 செப்டம்பர் 30-ஆம் தேதி தன் கடைசி நிலக்கரி ஆலையை நிறுத்தியது. 2012-இல் அவர்களுடைய மின்சாரத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் நிலக்கரி. வட கடல் எரிவாயு இருந்தது, தொழிற்சாலைகளை நம் பக்கம் தள்ளிவிட்டார்கள், எல்லாம் சரி. அதையெல்லாம் கழித்தாலும் ஒன்று மிச்சமிருக்கிறது: 2015-லேயே தேதி சொன்னார்கள். தேதி வந்ததும் முதலாளி, தொழிலாளி, வங்கி எல்லோரும் அதற்கேற்பத் திட்டமிட்டார்கள். எண்ணூரிலும் நெய்வேலியிலும் வேலை பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு நல்லது செய்வதாக இருந்தால் அவருக்கும் முதலில் கொடுக்க வேண்டியது அந்தத் தேதிதான். கடைசி நாள் வரை "ஒன்றும் ஆகாது" என்று சொல்லிவிட்டு மறுநாள் கேட்டைப் பூட்டுவதுதான் கொடுமை.

ஆகவே, அடுத்த முறை ஓர் அமைச்சர் இத்தனை ஆயிரம் மெகாவாட் சேர்த்தோம் என்று சட்டமன்றத்தில் வாசிக்கும்போது, பக்கத்தில் இன்னொரு பத்தியும் வாசிக்கட்டும்: இந்த ஆண்டு எத்தனை டன் நிலக்கரி குறைவாக எரித்தோம், எத்தனை யூனிட் காற்று மின்சாரத்தை வேண்டாமென்று நிறுத்தினோம், மணிவாரியாக எது எவ்வளவு ஓடியது. தரவெல்லாம் மின்சுமைப் பகிர்வு மையத்தில் இருக்கிறது. அதை யாரும் பார்க்கும்படி ஒரு பக்கத்தில் போட இரண்டு இன்ஜினியரும் ஒரு மாதமும் போதும். இது என் துறை, தெரிந்துதான் சொல்கிறேன்.

அந்தப் பத்தியின் முதல் வரியாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் நிலை, மூன்று அலகு, அலகுக்கு 210 மெகாவாட். முதல் அலகு 1994-இல் ஓடத் தொடங்கியது. முப்பது வருஷம் முடிந்தாயிற்று. அதை எந்த வருஷம், எந்த மாதம் நிறுத்தப் போகிறீர்கள்?